ஏழாவது கறுப்பு

ஏழாவது கறுப்பையும் காரில் தடவிவிட்டார்கள். ஐயையோ, இது பொருந்தித் தொலைத்துவிட்டது!

இந்த 1943-ஆம் வருஷத்தில் பூமியில் நீதி எங்காவது உயிரோடு இருக்கிறதென்றால், அது மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான். வக்கீல் கல்யாணராமன், அதாவது என் அப்பா, அங்கேதான் 'கறுப்புத் தேர்வுக் கமிட்டி'யை நடத்திவருகிறார்.

எங்கள் ஆஸ்டின் காரின் முன் மட்கார்டில் புளியங்கொட்டை அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. பெட்ரோல் ரேஷனில் வண்டி வாசலைத் தாண்டுவதே மாதத்தில் இரண்டு நாள். இருந்தாலும் குற்றம் குற்றமே. குற்றவாளியைக் கண்டுபிடிக்க அப்பாவுக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

"வண்டி யார் பொறுப்பு? டிரைவர் இனாயத். ஆகவே இனாயத்."

சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. தீர்ப்பிலும் கருணை வழிந்தது: கெடுத்த இடத்தை அவரே பூசவேண்டியது, பூச்சு காய்ந்ததும் வேலையை விட்டுப் போகவேண்டியது.

கறுப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் பதினெட்டு நாளாக நடக்கிறது.

யுத்த காலத்தில் நல்ல பெயிண்ட் ஏது? அம்மாவின் தம்பி கஸ்தூரி மாமா கடை கடையாக ஏறி இறங்கி இங்க் புட்டிகளில் மாதிரி கொண்டுவருவார். அப்பா கோர்ட்டு கவுனை மாட்டிக்கொண்டு மட்கார்டு பக்கத்தில் போய் நிற்பார், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

"அத்திம்பேர், இது சுத்தக் கறுப்பு!"

"கவுனைப் பாருடா. இது கறுப்பு. நீ கொண்டு வந்திருக்கறது குடை."

"குடையும் கறுப்புதானே?"

"வெயில்ல நின்ன கறுப்பு. கமிட்டி நிராகரிக்கிறது."

மூன்றாவது மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, கொஞ்சம் நீலம் அடிக்கறதே?"

அப்பா குனிந்தார். மாமாவும் குனிந்தார். இருவருக்கும் நீலம் தெரிந்துவிட்டது! நாலாவதில் நான் பச்சையைக் கண்டேன். ஐந்தாவதில் சிவப்பு. "பதினஞ்சு வயசுல என்ன கண்ணுடா இவளுக்கு!" என்று பூரித்துப்போன அப்பா, எனக்கு 'நிற ஆலோசகர்' பதவியே கொடுத்துவிட்டார்.

ஆலோசகருக்கு ஷெட்டில் முன்னமே கொஞ்சம் அனுபவம் உண்டு. கமிட்டி கூடுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இனாயத் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாண்ட் பிரேக்கை விடுவித்து, இரண்டடி தூரம் 'கார் ஓட்டினேன்'. அங்கே தூண் இருந்தது.

மறுநாள், தீர்ப்பான கையோடு, பாய் என் பின்னல் ரிப்பனைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"சீட்டுக்குக் கீய கெடந்திச்சு பாப்பா."

ரிப்பனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். "அப்பாகிட்ட சொல்லிட்டேளா, பாய்?"

"அவுரு என்னிய ஒண்ணும் கேக்கவே இல்லியே!" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "ஊட்ல நாலு புள்ளைங்க கீதுங்க. கறுப்பை மெதுவாவே தேடட்டும், பாப்பா."

அதனால்தான் எனக்கு நீலமும் பச்சையும் தெரிந்தன.

இன்று சாயங்காலம் மாமா ஏழாவது புட்டியோடு வந்தார். தடவியதும் பழைய பெயிண்ட் எது, புதியது எது என்று எனக்கே தெரியவில்லை. "பழுப்பு அடிக்கறது" என்றேன். அப்பாவுக்குப் பழுப்பு தெரிந்தது. மாமாவுக்குத் தெரியவில்லை. கமிட்டி இரண்டாகப் பிளந்தது.

"சரி, கொழந்தை சொல்றதே முடிவு" என்றார் அப்பா. "இது சரின்னா நாளைக்கு இனாயத் பூசிட்டுப் போகட்டும். சரியில்லேன்னா வண்டியைப் பட்டறைக்கு விட்டுடலாம், அவன் பூசாமலே போகட்டும்."

எது சொன்னாலும் பாய் போகவேண்டியதுதான். எவ்வளவு நேர்த்தியான நீதி! கறுப்பைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு நாள், இனாயத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம். என்னைக் கண்டுபிடிக்க மட்டும் கமிட்டிக்கு நேரமில்லை. நானும் அதில் ஓர் அங்கத்தினர்.

வீடு தூங்கிவிட்டது. ரிப்பன் என் கைக்குள் கசங்கிக் கிடக்கிறது. படுக்கப் போகுமுன் அப்பா என் தலையைத் தடவிக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது:

"கண்ணுல பொய்யே இல்லாதவ நீ. காலம்பற காப்பிக்கு முன்னாடி சொல்லிடு. எதைப் பூசினா, நடந்தது வெளியில தெரியாது?"