குலவை இல்லாமல் முடிந்த நிச்சயமும் என் கூடத்துத் திண்டுகளும்

மேன்மைமிகு சம்பந்தி ஸி அல்லால் அவர்களுக்கு, மெக்னெஸிலிருந்து புஷ்தா எழுதிக்கொள்வது.

உங்கள் மீதும் உங்கள் வீட்டார் மீதும் அமைதி நிலவட்டும். உங்கள் முழங்கால், உங்கள் ஆலிவ் மரங்கள், உங்கள் சின்ன மகனின் பரீட்சை எல்லாம் நலம்தானே? இங்கே இறைவன் அருளால் எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிப் பார்த்தேன். போன தடவை நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி மன்னானா போனைப் பிடுங்கிக்கொண்டு, உப்பில் ஊறப்போட்ட எலுமிச்சை ஏன் இந்த வருஷம் நிறம் மாறவில்லை என்று உங்கள் மனைவியிடம் விசாரிக்கத் தொடங்கினாள். கடைசியில் என் பங்குக்குக் கிடைத்தது, நீங்கள் சொன்ன “சரி சம்பந்தி, வைக்கிறேன்” மட்டும்தான். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்றால் சமையலறையில், மாவு டின் மேல். நான்கு சுவரிலும் இருக்கை ஓடும் விருந்துக் கூடத்தைச் சொந்தமாக வைத்திருக்கிற மனிதன் ஏன் மாவு டின் மேல் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

உங்கள் மகள் நஜ்வா நல்ல பெண். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் இருக்குமோ இருக்காதோ. ஏழாம் மாதம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு இடுப்பு வலி. பகலில் வருகிற வலி என்றால் நானும் நாலு பேரும் சேர்ந்து சமாளித்திருப்போம். பகலில் அவள் மாவு பிசைகிறாள், மாடிக்குப் போய்த் துணி காயப்போடுகிறாள், என் மகள் சுகைனாவோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். படுத்தால்தான் வலி வருகிறது. இடது பக்கம் படுத்தால் இடது இடுப்பில் ஆணி அடித்த மாதிரி, வலது பக்கம் திரும்பினால் அதே ஆணி வலது பக்கம். மல்லாந்து படுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குப்புறப் படுப்பதற்கு உங்கள் பேரப்பிள்ளையே இடம் கொடுப்பதில்லை. ஆகவே திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திரும்புதல் இருக்கிறதே சம்பந்தி, நான் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன், அட்லஸ் மலையில் ஆரஞ்சுப் பாரத்தோடு பின்னுக்கு எடுத்தவன், அவ்வளவு கூச்சல் நான் கேட்டதில்லை. என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். “தள்ளுங்க.” “இங்கயா?” “அங்க இல்ல, கீழ.” “இப்ப?” “ஐயோ, முழங்கால விட்டுட்டீங்களே!” “எந்த முழங்கால்?” “எனக்கு எத்தன முழங்கால் இருக்கு?” அதற்கப்புறம் என் மகன் ஜவாத் விளக்கைப் போடுகிறான், எதையோ தட்டிவிடுகிறான், அது உருண்டு போய்க் கட்டிலுக்கடியில் நிற்கிறது, அதை எடுக்க அவன் குனிகிறான், அவன் தலை இடிக்கிறது. இப்போது இரண்டு பேருக்கு வலி. எனக்குத் தூக்கம் போய்விட்டது. மன்னானா மட்டும் குறட்டை விடுகிறாள், அவள் காதில் பஞ்சு.

நான் சும்மா இருந்துவிடவில்லை. என்னிடம் ஒரு வைத்தியப் புத்தகம் இருக்கிறது. பழைய சந்தையில் அட்டை இல்லாமல் வாங்கியது. பள்ளிக்கூடம் போகாத நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் படிக்கவே கற்றேன். அதில் இடுப்பெலும்பு நோவுக்குக் கெட்டியான தரைதான் மருந்து என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நானும் லாரிப் பலகையில் படுத்துத்தான் என் இடுப்பைக் காப்பாற்றினேன். ஆகவே அவர்கள் ஹம்மாமுக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில், மாடிக் கதவின் பழைய பலகையைக் கொண்டுவந்து நஜ்வாவின் மெத்தைக்கடியில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்தால் சொல்லிக் காட்டக் கூடாது. மறுநாள் காலையில் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஜவாத் மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

“வாப்பா, இது கதவு.”

“கதவுதான். நல்ல தேவதாரு.”

“எதப் பாத்து இப்பிடிப் பண்ணுனீங்க?”

புத்தகத்தைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத மாதிரி ஒரு முகம். “வாப்பா, இது கோவேறு கழுதை வைத்தியம். இங்க பாருங்க, லாடம் போட்டிருக்கு.”

இருக்கட்டுமே. எலும்பு எலும்புதான். இன்றும் சொல்கிறேன், பலகை மேல் தவறில்லை. அவள் பழகுவதற்குக் காலம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள். நானும் போனேன், யாரும் அழைக்கவில்லை. பிள்ளை வெளியே வர வழி விடுவதற்காக இடுப்பு மூட்டுகள் தளர்கின்றனவாம், அதனால் இந்த வலியாம், ஆபத்து ஒன்றும் இல்லையாம். பக்கவாட்டில் முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு திண்டு, வயிற்றுக்கடியில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. திரும்பும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்து உடம்பை மொத்தமாக உருட்ட வேண்டும். வெந்நீர்ப் பை வைக்கலாம். மெத்தை மெத்தென்று இருக்க வேண்டும். நான் பலகையைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “பெரியவரே, நீங்க வெளிய உக்காருங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டில் மெத்தென்று இருப்பது எது? விருந்துக் கூடம். ஆட்டு ரோமம் அடைத்த மெத்தைகள், ஜரிகைத் திண்டுகள். அவற்றுக்கு ரோமம் வாங்க நான் மித்லெத் சந்தைவரை போனேன். அந்தக் கூடத்தில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை. நானே என் கல்யாணத்துக்குப் பிறகு அங்கே படுத்ததில்லை. காய்ச்சல் வந்தபோதுகூட டெலிவிஷன் இருக்கிற சின்ன அறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் கிடந்தேன். அது விருந்தாளியின் இடம். நீங்கள் பெண் கொடுக்க வந்தபோது உட்கார்ந்தீர்களே, நினைவிருக்கும். முதலில் ஒரு திண்டு காணாமல் போனது. கேட்டேன். “துவைக்கப் போட்டிருக்கேன்” என்றாள் மன்னானா. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூலைத் திண்டு. பிறகு ஒருநாள் திண்டுகள் அறைக்குப் போவதை நிறுத்திவிட்டு, அறையே திண்டுகளைத் தேடிக் கூடத்துக்கு வந்துவிட்டது. உங்கள் மகள் அங்கே படுத்துத் தூங்கினாள். தூங்கினாள் என்பதை நான் மறுக்கவில்லை. அன்று இரவு சுவருக்கு அப்பால் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததால் எனக்குத் தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம்.

“விருந்தாளி வந்தா என்னடி பண்ணுவ?” என்று மன்னானாவைக் கேட்டேன்.

“வர்றப்ப பாத்துக்கலாம்.”

“இது விருந்தாளிக்குக் கட்டுன கூடம்.”

“வயித்துக்குள்ள இருக்கிறது யாராம்? அதவிடப் பெரிய விருந்தாளி வரப் போறாங்களா உங்களுக்கு?”

இதற்கு என்ன பதில் சொல்வது? இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் எழுதுகிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். என் கடைசி மகள் சுகைனாவைப் பெண் கேட்க ஸி ஃபாத்மி குடும்பம் வருவதாக இருந்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு வாழ்க்கையில் மிச்சமிருக்கிற ஒரே வேலை அந்தப் பெண்ணை நல்ல வீட்டில் சேர்ப்பது. மாலைத் தொழுகைக்குப் பிறகு வருவார்கள் என்று பேச்சு. மதியம் கூஸ்கூஸ் சாப்பிட்டதும் கூடத்தை ஒழித்துவிடுவதாக நஜ்வாவும் சொல்லியிருந்தாள். அந்த வாரம் வலி மறுபடி கூடிவிட்டது போல, உணவுக்குப் பிறகு “கொஞ்ச நேரம் சாயுறேன் மாமா” என்று சாய்ந்தாள். சாய்ந்தவள் சாய்ந்தவள்தான். கூடத்திலிருந்த எல்லாத் திண்டுகளையும் அணை கட்டின மாதிரி சுற்றி வைத்துக்கொண்டு, நடுவில் வாயைத் திறந்து தூங்கினாள். அப்போது கதவு தட்டப்பட்டது. மாலைத் தொழுகைக்கு இன்னும் அழைப்புகூட வரவில்லை. சர்க்கரைக் கூம்புகள், பால், பேரீச்சை, மருதாணித் தட்டு என்று ஒரு வண்டி நிறைய ஆட்கள்.

“எழுப்புடி” என்றேன்.

“மாட்டேன்” என்றாள் மன்னானா. “அஞ்சு நாளா கண்ண மூடல அந்தப் புள்ள. நீங்க வேணா எழுப்புங்க.”

நான் கூடத்து வாசல்வரை போனேன். செருமினேன். இன்னொரு தடவை செருமினேன். அவள் கன்னத்தில் ஜரிகையின் தடம் பதிந்திருந்தது. நான் லாரி ஓட்டினவன், மூன்று நாள் தூங்காமல் ஓட்டினவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்துவிட்டேன். பயந்து அல்ல. என் தொண்டை கட்டியிருந்தது.

அதற்குள் மாப்பிள்ளையின் தாயார் லல்லா ஷாமா உள்ளே வந்து கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டார். “எத்தன மாசம்?” “ஏழு முடியப் போகுது.” “இடுப்பா?” “இடுப்புதான்.” அவ்வளவுதான். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி, கூடத்துத் தரையில் வெறும் கம்பளத்தில் சம்மணம் போட்டுவிட்டார். பின்னாலேயே எல்லாப் பெண்களும். எல்லோரும் கிசுகிசுப்பாக. “எனக்கு மூத்தவன் வயித்துல இருந்தப்ப, உக்காந்துகிட்டேதான் தூங்கினேன்.” “எனக்கு என் மாமியா ஒரு தலையணை தரல, மாவு மூட்டைய வச்சுத் தூங்கினேன்.” “உங்க மாமியாவா? அந்தம்மா ஈயத் தொரத்துறதுக்கே கணக்குப் பாக்குமே.” வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. ஆண்கள் எங்கே உட்காருவது? சமையலறையில். கௌரவமிக்க ஸி ஃபாத்மி, ஊரில் பாதிப் பேருக்குத் திராட்சை விற்கிறவர், இதே மாவு டின் மேல் உட்கார்ந்தார். நான் கேஸ் சிலிண்டரில் சாய்ந்துகொண்டு தேநீர் ஊற்றினேன். தேநீரை உயரத்திலிருந்து ஊற்றினால் சத்தம் கேட்கும் என்று ஜவாத் என் கையைத் தாழ்த்திப் பிடித்தான். நுரை இல்லாத தேநீரை என் வாழ்நாளில் ஒரு விருந்தாளிக்குக் கொடுத்தது அன்றுதான். உள்ளங்கைகளை விரித்து ஃபாத்திஹா ஓதினோம், அதுவும் உதட்டுக்குள்.

ஃபாத்திஹா முடிந்ததும் என்ன வேண்டும்? குலவை. பெண்கள் குலவையிட்டு, அது மாடி ஏறி, தெரு தாண்டி, ஊருக்குப் பொதுவாக ரொட்டி சுடுகிற அடுப்படிவரை கேட்டால்தான் நிச்சயம் நிச்சயம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் மாடியில் துணி எடுக்கிற சாக்கில் அதற்காகவே காத்து நின்றார்கள். மன்னானா வாயருகே கையைக் கொண்டு போனாள். லல்லா ஷாமா உதட்டில் விரலை வைத்து, “உஸ்” என்றார். தூங்குகிறவளைக் காட்டினார். யாரும் குலவையிடவில்லை. எல்லோரும் நுனிக்காலில் நடந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வரிசையாகப் படியிறங்கிப் போனார்கள். மாடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

இருட்டுவதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு பானை ஹரீரா சூப் வந்தது. சாவு வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, மூடி போட்டு, துணி சுற்றி. பின்வீட்டுக்காரி, “விடு சுகைனா, உனக்கென்ன வயசா போச்சு” என்று என் மகளைக் கட்டிப் பிடித்து அழுதாள். சவரக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. “முறிஞ்சு போச்சாமே ஸி புஷ்தா, பையனுக்கு ஏதாவது கெட்ட பழக்கமா?” என்று கேட்டார்கள். “நிச்சயம் முடிஞ்சிருச்சு” என்றேன். “அதான் முடிஞ்சு போச்சே, விடுங்க” என்று தோளில் தட்டினார்கள். இந்தப் பேச்சு இந்நேரம் ஸி ஃபாத்மியின் கடைக்குப் போயிருக்கும். அவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. சுகைனா வெளியே சிரிக்கிறாள். கதவுக்குப் பின்னால் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி சிரிக்கிறாள். நான் தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். களைத்துவிட்டேன் சம்பந்தி. என் வயதில் ஒரு மனிதனுக்கு இரவில் தூக்கமும் பகலில் தெருவும் வேண்டும். இரண்டும் போய்விட்டன.

ஆகவே என் முடிவு இது. வருகிற வியாழக்கிழமை நீங்கள் ஊஜ்தாவிலிருந்து வந்து, நஜ்வாவைப் பிரசவம்வரை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். உங்கள் கூடமும் பெரியதுதான். அவள் போனதும் திண்டுகளை அதனதன் இடத்தில் வைத்து, ஸி ஃபாத்மி குடும்பத்தை மறுபடி அழைத்து, உரக்க ஒரு நிச்சயம் நடத்துவேன். இதில் மாற்றம் இல்லை. ஜவாத் கெஞ்சினான், அசையவில்லை. மன்னானா அவளோடு தானும் வந்துவிடுவேன் என்கிறாள். வந்தால் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்கு என் மரியாதை. பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். உங்கள் மரங்கள் கிளை முறியக் காய்க்கட்டும், உங்கள் வாசலில் நல்ல கால்கள் மட்டும் ஏறட்டும்.

தூக்கமில்லாத,
புஷ்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது, ஆகவே எழுதுகிறேன். சற்று முன் லல்லா ஷாமா தன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரோடும் எங்கள் தெருமுனையில் வந்து இறங்கி, அடுப்படி வாசலில் நின்று, ரொட்டிக்குக் காத்திருந்த கூட்டம் பார்க்கக் குலவையிட்டார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் நின்று ஒரு குலவை. எதிர்வீட்டு வாசலில் மட்டும் இரண்டு. “சேதி அனுப்ப இத்தனை நாளா?” என்று மன்னானா கேட்டதற்கு, “உங்க மருமக நாலு நாள் நல்லாத் தூங்கி எந்திரிக்கட்டும்னு பாத்தேன். எம் பையனுக்கு எத்தனையோ வீட்டுல பொண்ணு பாத்தேன் அண்ணி. எல்லாக் கூடமும் பளபளன்னு இருந்துச்சு. ஒரு புள்ளத்தாச்சிக்காக வாயப் பொத்திக்கிட்ட வீடு இது ஒண்ணுதான். இங்க வளந்த பொண்ணு என் வீட்டுக்கு வரட்டும்” என்றார். என் கூடத்தைப் பற்றி நான் எப்போதும் இதைத்தான் சொல்லிவந்தேன். சுகைனா மறுபடி முகம் கழுவப் போனாள், இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. ஆகவே வியாழக்கிழமை வர வேண்டாம். விருந்துக்கு வாருங்கள், நாள் குறித்து எழுதுகிறேன். வரும்போது உங்கள் வீட்டுத் திண்டுகளில் இரண்டைக் கொண்டுவந்தால் நல்லது, இங்கே போதவில்லை. குலவைச் சத்தத்தில் நஜ்வா விழித்து, இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றாள். ஜவாத் வேலைக்குப் போயிருந்தான். பெண்கள் அவளை உருட்டினார்கள், முழங்கால்களுக்கு நடுவில் திண்டை நான் வைத்தேன். “சரியா இருக்கு மாமா” என்றாள். ஜவாத் எப்போதும் கொஞ்சம் மேலே வைத்துவிடுகிறான்.