எஞ்சினுக்கு முதல் தண்ணீர்

மீனவர் வீட்டில் பிறந்துவிட்டு, படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன் நான். இதை மறைத்துப் பயனில்லை. பாம்பனிலிருந்து மண்டபம் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் அப்பா என்னை முதன்முதலாக வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டுக் கூரை கண்ணில் இருக்கும்போதே, காலையில் தின்ற ஐந்து இட்லியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். (சட்னி எங்கே என்று மீன்கள் தேடியிருக்கும்.) அப்பா கரைக்குத் திரும்பி, "இவனைப் படிக்க வச்சிரு" என்று அம்மாவிடம் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். அப்படித்தான் நான் இயற்பியல் வாத்தியார் ஆனேன். என் அண்ணன் சூசை கடலுக்குப் போனான்.

கடல் கைவிட்டதும் நான் ரயிலைப் பிடித்துக்கொண்டேன். என் வீடும் அண்ணன் வீடும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் நாலு தென்னை மரங்களோடு ஒரு மணல் முற்றம். அப்பா இருவருக்கும் பொதுவாக விட்டுப்போனது. அதில் அண்ணன் பாதியில் வலை காயப்போடுவான். மீதிப் பாதியில் நான் மூன்று விரல் அகலத்துக்குத் தண்டவாளம் போட்டேன். முற்றத்தைச் சுற்றி வட்டமாக ஒரு பாதை, துவைகல்லிலிருந்து வரும் தண்ணீர் ஓடைக்கு மேல் தகரத்தில் ஒரு பாலம், ஒற்றைக் கல்லில் ஒரு ஸ்டேஷன். அதில் பேட்டரியில் ஓடும் எஞ்சின் ஒன்று இருந்தது. உப்புக் காற்று அதை ஒரே வருடத்தில் தின்றுவிட்டது. கடைசிக் காலத்தில் அது நோயாளி மாதிரி நாலடி போகும், நிற்கும், முனகும்.

அண்ணன் அதுவரை பொறுமையாகத்தான் இருந்தான். புது வலைகள் வாங்கியதும் அவனுக்கு ஒரு கொட்டகை தேவைப்பட்டது.

"ஏலே, இங்கன ஒரு கொட்டகை போட்டா வலை, மோட்டார் எல்லாத்தையும் வெயில் படாம வச்சிரலாம். நீ என்னடான்னா துருப்பிடிச்ச பொம்மையை வச்சு எடத்தை அடைச்சிருக்கே."

"அண்ணே, நெசமான நீராவி எஞ்சின் ஒண்ணு வருதுண்ணே. அது வந்துட்டா நீயே பார்த்து அசந்துருவே."

அண்ணன் தண்டவாளத்தைக் கால் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தான். "சரி. அது வரட்டும். ஊரு முன்னாடி மூணு சுத்து ஓடட்டும். ஓடுச்சுன்னா எடம் உனக்கு, நான் வாயே தொறக்க மாட்டேன். ஓடலேன்னா அன்னைக்குச் சாயங்காலமே தண்டவாளத்தைப் பேத்துருவேன்."

ஒத்துக்கொண்டேன். மூன்று சுற்று ஒரு பெரிய விஷயமா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மாப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது எஞ்சினைக் கையோடு கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை அடி நீளம். பச்சை நிறத்தில் உடம்பு, செம்பில் கொதிகலன், பித்தளையில் புகைபோக்கி விளிம்பு. ஓட்டுநர் நிற்கும் இடத்தில் சட்டைப் பித்தான் அளவுக்கு அழுத்தமானி. அதற்குள் முள், எண்கள், கண்ணாடி எல்லாம் இருந்தன. சக்கரத்தை விரலால் மெல்லத் தள்ளினேன். கம்பிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வந்தன. இதற்குள் தண்ணீர் ஊற்றி, அடியில் கேஸ் பற்ற வைத்தால் இது தானாக நடக்கும். பதினெட்டு வருடமாக "நீராவியின் ஆற்றல்" பாடத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியவன் நான். கெட்டில் கொதிப்பதைத் தவிர வேறு நீராவியை வாழ்க்கையில் கண்டதில்லை. நான் விவரம் அறியும் முன்பே கரி எஞ்சின்களெல்லாம் போய்விட்டன. இப்போது அது என் மடியில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தாலி கட்டும்போதுகூட இப்பிடி அழுகலையே" என்றாள் என் மனைவி பிலோமினா.

முதலில் யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிலோமினா அதைத்தான் சொன்னாள். "கல்யாணத்துக்கு யாராவது ஒத்திகை பார்ப்பாங்களா?" என்று நான் கேட்டேன். எவ்வளவு பெரிய ஆள் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓட்டம் என்று தெரு முழுக்கச் சொன்னேன். பங்குச் சாமியாரை மந்திரிக்கக் கூப்பிட்டேன். ஒரு தொப்பி, ஒரு விசில், ஒரு பச்சைக் கொடி எல்லாம் ஏற்பாடு செய்தேன். முதல் நாள் சாயங்காலம் அண்ணன் வந்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தான்.

"இதுக்கு மொதத் தண்ணி யாருலே ஊத்துறது?"

பெருந்தன்மை எனக்குப் பொங்கியது. "நீதாண்ணே மூத்தவன். நீயே ஊத்து."

"என்ன தண்ணி ஊத்தணும்? எதுக்குத் தனியா..."

"அலமாரில வெள்ளைக் கேன் இருக்குண்ணே. அதுல ஒரு தம்ளர் எடுத்து ஊத்து, போதும். மத்ததெல்லாம் அறிவியல். சொன்னாலும் உனக்குப் புரியாது."

அண்ணன் "சரிலே" என்றான், போய்விட்டான். கேனில் இருந்தது பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர். இந்தக் கொதிகலனுக்குள் துளி உப்பும் போகக் கூடாது என்று எஞ்சினோடு வந்த புத்தகத்தில் மூன்று இடத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மறுநாள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சாமியார் வெள்ளை அங்கியோடு வந்து நின்றார். நான் தொப்பியைச் சரிசெய்தபடி, நீராவி எப்படி உலகத்தை மாற்றியது என்று பத்து நிமிடம் உரையாற்றினேன். (பிலோமினா போனில் எடுத்த வீடியோவில் அந்தப் பத்து நிமிடமும் இருக்கிறது. இரண்டு பேர் கொட்டாவி விடுகிறார்கள், ஒருவர் சாமியார்.) அண்ணன் ஒரு செம்போடு வந்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, புனல் வழியாக ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். நான் மூடியைத் திருகிவிட்டுக் கேஸைப் பற்ற வைத்தேன்.

அடுத்த எட்டு நிமிடத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே யாரோ மெல்லப் பேசுவது போல ஒரு சத்தம். அழுத்தமானியின் முள் சிலிர்த்தது. புகைபோக்கியிலிருந்து ஒரு நூல் வெள்ளையாகக் கிளம்பித் தென்னங்கீற்றுக்குப் போனது. கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. மண்ணெண்ணெய், டீசல், கருவாடு தவிர வேறு வாசனை தெரியாத அந்த முற்றத்தில் சூடான எண்ணெயும் ஈரமும் கலந்த ஒரு புது வாசனை எழுந்தது. ஒரு கிழவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். எனக்குப் புல்லரித்தது. கொடியை அசைத்தேன், விசில் ஊதினேன், நீராவியைத் திறந்துவிடும் சின்னக் கம்பியைத் தள்ளினேன்.

எஞ்சின் ஒரு தடவை குலுங்கியது. புகைபோக்கியிலிருந்து நீராவிக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் சூடான நுரைத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதல் வீச்சு என் சட்டைக்கு. இரண்டாவது வீச்சு சாமியாரின் அங்கிக்கு.

"எஞ்சினுக்கு ஞானஸ்நானம் குடுக்கக் கூப்பிட்டுட்டு எனக்கே குடுத்துட்டீரே வாத்தியாரே!" என்றார் அவர்.

எஞ்சின் துப்பியது, விக்கியது, நின்றது. முடிந்தது, தண்டவாளம் போச்சு என்று நினைத்தேன். குனிந்து கம்பியை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். உள்ளே இருந்த நுரையெல்லாம் வெளியேறியதும் எஞ்சினுக்கு மூச்சு வந்துவிட்டது. கிளம்பியது பாருங்கள் ஒரு ஓட்டம்!

நிறுத்தலாம் என்று கம்பியைப் பிடிக்கப் போனால் அது சுட்டது. துணியால் பிடித்தால் அது இறுகிப்போய் அசையவில்லை. அதற்குள் எஞ்சின் என் கையை விட்டுப் போய்விட்டது. நாற்பத்து மூன்று வயது மனிதன், தலையில் தொப்பி, கையில் பச்சைக் கொடி, ஒன்றரை அடி எஞ்சினுக்குப் பின்னால் குனிந்தபடி வட்டமாக ஓடுகிறேன். "வழிவிடுங்க! வழிவிடுங்க!" என்று கத்துகிறேன். (யாரும் வழியில் இல்லை. எல்லோரும் எப்போதோ தென்னைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.) விசில் வாயிலேயே இருந்ததால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது வேறு கத்தியது.

ஆனாலும் சொல்கிறேன், அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. தகரப் பாலத்தில் அது தடதடவென்று ஏறியபோது என் கால் தடுக்கியது. விழுந்து கிடந்தபடியே வாயைப் பிளந்து பார்த்தேன். சக்கரக் கம்பிகள் கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளை நீராவி பின்னால் நீண்டு வளைந்து வந்தது. நான் எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்த அம்புக்குறியெல்லாம் இதுதானா என்று இருந்தது.

அப்புறம்தான் வளைவைப் பார்த்தேன். எஞ்சின் அந்த வளைவில் ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்க ஆரம்பித்திருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் புது நைலான் வலைகள் குவிந்து கிடந்தன. எஞ்சினுக்கு அடியில் கேஸ் நெருப்பு எரிகிறது. "அண்ணே, வலை! வலை!" என்று அலறினேன்.

அண்ணன் சுவரில் தொங்கிய பழைய வீச்சு வலையை எடுத்தான், இடது கையில் மடித்தான், ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டான். எஞ்சின் வளைவுக்கு வருகிற வரைக்கும் காத்திருந்து, இடுப்பைத் திருப்பி வீசினான். வலை வட்டமாக விரிந்து எஞ்சின்மேல் இறங்கியது. ஈயக்குண்டுகள் மணலில் சொத்தென்று விழுந்தன. எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளே கிடந்து துடித்தது. நான் தவழ்ந்து போய்க் கேஸை மூடினேன். வலை கருகும் நாற்றம் வந்தது.

யாரோ ஒருவர், "சூசை, எத்தனை கிலோ தேறும்?" என்று கேட்டார். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சினை எடுத்துப் பார்த்தேன். இறுகிப்போன நீராவிக் கம்பியின் மூட்டிலும் புகைபோக்கி விளிம்பிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் உப்பு.

"வேணும்னே பண்ணியிருக்கே!" என்று எல்லோர் முன்னாலும் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். "கொட்டகை வேணும்னா நேரா கேட்டிருக்கலாம்ல? இப்பிடிக் கடல் தண்ணிய ஊத்திக் கெடுக்கணுமா?"

அண்ணன் மணலில் உட்கார்ந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் மனைவி, என் மதினிதான் முன்னால் வந்தார்.

"தம்பி, வாய்க்கு வந்ததைப் பேசாதீக. உங்க அண்ணன் பூசைக்குப் போறதுக்கு முன்னாடியே இடுப்பளவு தண்ணியில நின்னு, அந்தோணியாரை வேண்டிக்கிட்டு மொண்டுக்கிட்டு வந்தாக. உங்க அப்பா காலத்துல இருந்து இந்த வீட்டுல எந்தப் புது எஞ்சினுக்கும் அதுதானே மொதத் தண்ணி? படகுலயே ஏறாத உங்களுக்கு அது எங்க தெரியப்போகுது!"

அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னான். "படகு எஞ்சின் எல்லாம் உப்புத் தண்ணியிலதானலே குளுருது. இதுவும் எஞ்சின்தானன்னு நெனச்சேன். கேக்கத்தான் வந்தேன். சொன்னாலும் புரியாதுன்னுட்டே."

அந்த முற்றத்தில் ஒரு குழி இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். தொப்பியைக் கழற்றினேன். "நான்தாண்ணே புரியாதவன். சாயங்காலமே தண்டவாளத்தை எடுத்துர்றேன்" என்றேன்.

"எதுக்கு?"

"மூணு சுத்து ஓடணும்னு..."

"ஏலே, ஏழு சுத்து ஓடுச்சுலே! நீ பின்னாடியே ஓடுனதுல எண்ணியிருக்க மாட்டே. நான் எண்ணுனேன். எட்டாவது சுத்துலதான் வலையை வீசுனேன்." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. "என்னா ஓட்டம் ஓடுச்சுலே, அந்தோணியாரே! நம்ம படகு எஞ்சின் ஒருநா ஓடியிருக்குமா அப்பிடி?"

வீடியோவில் எண்ணிப் பார்த்தோம். ஏழுதான்.

கொட்டகையை அண்ணன் தன் வீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டான். கொதிகலனைச் சுத்தத் தண்ணீரால் பலமுறை அலசிச் சரிசெய்துவிட்டேன். புகைபோக்கி விளிம்பில் ஒரு வெள்ளைக் கறை மட்டும் இன்னும் போகவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடுகிறது. அண்ணன் செம்போடு வருவான், கடல் தண்ணீரைச் சக்கரத்தில் மட்டும் தெளிப்பான். நான் உடனே துடைத்துவிடுவேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

அந்த வீச்சு வலையில் எஞ்சின் சுட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது, இரண்டு கை நுழையும். ஒரு கண்ணி அறுந்தாலும் சாப்பிடாமல் உட்கார்ந்து தைக்கிற அண்ணன், அதை மட்டும் தைக்கவில்லை. அந்த வலையோடுதான் கரையோரம் போவான். மீன் தப்பிவிட்டால், "ரயிலேறிப் போயிருச்சு" என்பான். முதலில் வீட்டில் சிரித்தோம். பிறகு தெரு சிரித்தது.

போன வாரம் மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். யாரென்றே தெரியாத ஒரு படகுக்காரர் இன்னொருவரிடம், "நல்ல பாரை மீனு, கை வரைக்கும் வந்துச்சு, ரயிலேறிப் போயிருச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கேட்டவரும் "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அது சாதாரணப் பேச்சாகிவிட்டது. நான் ஏறாத படகுகளிலெல்லாம் என் எஞ்சின் ஏறி, தினமும் கடலுக்குப் போய்வருகிறது. (இதுவரை வாந்தி எடுக்கவில்லை.)