பழைய சரக்கு முதலில்

உப்பும் காற்றும் தாராளமாகவும் மற்றதெல்லாம் அளந்தும் கிடைத்த ஒரு நாடு இருந்தது. உவர்நாடு என்று பெயர். கடலோரம் முழுக்க உப்பளங்கள், பின்னால் ஒரே ஒரு குன்று. குன்றின் மேல் ஏகாம்பரம் என்ற வானிலைக்காரர் இருந்தார். காற்றழுத்தத்தையும் ஈரத்தையும் அளக்க இரண்டு கருவிகள், மூன்று துணிகள், ஒரு கொடிமரம், இவ்வளவுதான் அவருடைய இலாகா. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து பார்த்து, வெயிலென்றால் வெள்ளை, மழையென்றால் நீலம், புயலென்றால் சிவப்பு என்று ஏற்றுவார். முன்பு ஏற்றியது தப்பென்று தெரிந்தால் கூச்சமே படாமல் இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவார். அரசாங்க ஊழியரிடம் இருக்கக்கூடாத குணம் அது.

கீழே உப்பளத்தில் சந்தனமாரி வேலைக்கு நடுவே நிமிர்ந்து குன்றைப் பார்ப்பாள். வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தைக் கீற்று போட்டு மூட அவளுக்கும் அவள் தங்கைக்கும் மூன்று மணி நேரம் ஆகும். மூடிய உப்பு அவர்களுக்கு ஒரு வருஷத்துச் சோறு. நனைந்த உப்பு ஓடையில் போகும் தண்ணீர். எனவே அந்த மூன்று மணி நேரம் முன்னால் தெரிந்தால் போதும், அவள் அரசாங்கத்திடம் வேறெதுவும் கேட்டதில்லை.

அப்போதுதான் உணவுத் துறையில் பேர் வாங்கிய அமைச்சர் ஆலாலசுந்தரனார் வானிலைத் துறைக்கு மாற்றப்பட்டார். அவர் பேர் வாங்கியது நியாயமாகத்தான். கிடங்குகளில் அரிசி புழுத்துக் கிடந்த காலத்தில், ‘பழைய சரக்கு முதலில்’ என்று ஒரே ஒரு விதி போட்டார். முதலில் வந்த மூட்டை முதலில் போயிற்று, புழு ஒழிந்தது, மன்னர் பொன்னாடை போர்த்தினார். அன்றிலிருந்து அமைச்சருக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் மூட்டையாகவே தெரிந்தது.

குன்றேறி வந்தவர் கொடியைப் பார்த்து முகம் சுளித்தார்.

“ஏகாம்பரம் அவர்களே, இதைக் கண்ணுள்ள எவரும் பார்த்துவிடுகிறார். குடும்ப அட்டை இல்லாதவர் பார்க்கிறார். பக்கத்து நாட்டார் பார்க்கிறார். மாமன்னர்தான் வழங்கினார் என்பதற்கு இதில் என்ன அத்தாட்சி இருக்கிறது?”

அத்தாட்சி இல்லை என்று ஏகாம்பரம் ஒப்புக்கொண்டார். மறுநாள் கொடிமரம் வெட்டப்பட்டது. பங்குனி முதல் தேதியிலிருந்து, மன்னர் படம் போட்ட வானிலைச் சீட்டு ரேஷன் கடை மூலம் வழங்கப்படும் என்று தண்டோரா போட்டார்கள். ஏகாம்பரம் நாளொன்றுக்கு எட்டு சீட்டு எழுதிக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை அட்டைக்கு ஒன்றாகப் படியெடுப்பார்கள். அட்டைக்கு வாரம் ஒரு சீட்டு. விநியோகம் வழக்கமான விதிப்படி: பழைய சரக்கு முதலில்.

ஆடி மாதம் ஒரு திடீர் மழையில் சந்தனமாரியின் அம்பாரத்தில் ஒரு மூலை கரைந்தது. அவள் சீட்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்காரர் சுடலைமுத்துவிடம் போனாள். சுடலைமுத்து கெட்டவர் அல்ல, பொறுமையாக விளக்கினார்.

“இது பங்குனி மூணாம் தேதி வெயிலு, தாயி. அன்னைக்குச் சரியாத்தான் இருந்திருக்கும்.”

“இன்னைக்கு உள்ளதத் தாங்க அண்ணாச்சி.”

“எப்பிடித் தர? அதுக்கு முன்னால ஆயிரத்துக்கும் மேல கெடக்கே.”

புகார் தலைநகர் போயிற்று. அமைச்சர் மூன்று நாள் ஆலோசித்து, குழப்பத்துக்குக் காரணம் சீட்டிலிருக்கும் தேதிதான் என்று கண்டுபிடித்தார். தேதி நீக்கப்பட்டது. கையிருப்பிலிருந்த சீட்டுகளிலும் தேதியைச் சுரண்ட நாற்பது பேருக்கு வேலை கிடைத்தது. அது வேலைவாய்ப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

உப்பளத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எந்நேரமும் அம்பாரத்தை மூடியே வைத்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி திகைத்துப் போனார். வெயில் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கும்போது மூடி வைத்தால், அரசாங்கம் பொய் சொல்கிறது என்றுதானே பொருள்? சீட்டுக்கு மாறாக உப்பை மூடுவது குற்றம் என்று ஆணை வந்தது. கீற்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, ஏகாம்பரத்தின் கருவியில் முள் அவர் அதுவரை பார்த்திராத இடத்துக்கு இறங்கியது. சீட்டு எழுதி, ஆளை நம்பாமல் தானே கிடங்குக்கு ஓடினார். கிடங்கு மேலாளர் அதை மரியாதையோடு வாங்கி, அடுக்கின் கடைசியில் வைத்து, ரசீது கொடுத்தார்.

“இது இப்போதே போக வேண்டிய சீட்டு ஐயா,” என்றார் ஏகாம்பரம்.

“வரிசையை மீறினால் புழு வரும். அது தங்களுக்குத் தெரியாததல்ல.”

ஏகாம்பரம் உப்பளத்தை நோக்கி ஓடினார். சோதனைச் சாவடியில் பிடித்து, சீட்டில்லாமல் வாய்மொழியாக வானிலையை விநியோகித்த குற்றத்துக்காக உள்ளே வைத்தார்கள். கம்பிக்குள்ளிருந்து அவர் கத்தியது சாவடிக்காரர்களுக்கு மட்டும் கேட்டது. அவர்கள் போய்த் தங்கள் வீட்டுக் கூரையைக் கட்டிவிட்டு வந்தார்கள்.

மூன்று மணி நேரம் கழித்துப் புயல் வந்தது. சந்தனமாரியும் தங்கையும் உடுத்தியிருந்த சேலையைத் தவிர வீட்டிலிருந்த துணி அத்தனையும் கொண்டுவந்து அம்பாரத்தின் மேல் விரித்தார்கள். துணியும் போயிற்று. விடிந்தபோது அம்பாரம் இருந்த இடத்தில் சேற்றில் ஒரு வெள்ளைக் கறைதான் இருந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிடிச் சேற்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

மன்னர் ஆண்டாலும் அமைச்சரவைக்குத் தேர்தல் உண்டு. நாட்டில் அப்போது அது வருகிற நேரம். எதிர்க்கட்சி எச்சரிக்கை எங்கே என்று கேட்டது. ஆலாலசுந்தரனார் கலங்கவில்லை. வாக்குப்பதிவுக்கு முதல் நாள், ‘நிலுவைச் சீட்டு வழங்கும் விழா’ நடத்தினார். கிடங்கிலிருந்ததெல்லாம் கட்டுக் கட்டாக ரேஷன் கடைகளுக்கு வந்தது.

சுடலைமுத்து ஒரு கட்டைத் தூக்கி மேசையில் வைத்து, மைப்பெட்டியைத் திறந்தார். “எல்லாச் சீட்டும் கெடச்சிதுன்னு இதுல ஒரு கைநாட்டு வையி, தாயி. வெச்சாத்தான் அரிசி போடச் சொல்லியிருக்காவ.”

சந்தனமாரி கட்டைப் பிரித்து அடியிலிருந்ததை உருவிக் கொடுத்தாள். அவர் வாசித்தார்: “பெரும்புயல். மூன்று மணி நேரத்தில் கரை தொடும். அம்பாரங்களை உடனே மூடுக.” தேதி இல்லை.

“நல்லாத்தான் எழுதியிருக்காரு,” என்றாள். வீட்டில் அரிசி இல்லை. கட்டைவிரலை மையில் அழுத்தி, காட்டிய இடத்தில் வைத்தாள். சேலையில் துடைத்தும் மை போகவில்லை.

அன்று மாலையே அறிக்கை வந்தது: புயல் எச்சரிக்கை நூற்றுக்கு நூறு குடும்பங்களுக்குச் சேர்ந்திருக்கிறது, கைநாட்டு சாட்சி. உப்பை மூடாதது மக்களின் அலட்சியம். ஆகவே நிவாரணம் இல்லை. மக்களுக்கு ஒரு எச்சரிக்கை எப்படிப் போதும், குடும்பத்துக்கு இரண்டு கொடுப்போம் என்று எதிர்க்கட்சி உடனே வாக்குறுதி அளித்தது.

மறுநாள் சந்தனமாரியும் உப்பளத்துச் சனங்களும் விடியும் முன்பே வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றார்கள். அவள் வாழ்நாளில் அவ்வளவு கோபத்தோடு எந்த வரிசையிலும் நின்றதில்லை. அவள் முறை வந்ததும் அதிகாரி கையை நீட்டச் சொன்னார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“மை இருக்கிறதே அம்மா. நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்,” என்றார். “அடுத்தவர் வரலாம்.”

அடுத்தவர் விரலிலும் மை இருந்தது.