மருந்துக்காரிக்கு மரணம் இல்லை

இந்த வருட ரசிகர் மாநாட்டுக்கு மனைவியைக் கூட்டிப்போவதில்லை என்று தீர்மானித்தேன். கல்யாணமான பதினாறு வருடத்தில் நானாக எடுத்த இரண்டாவது தீர்மானம் இது. முதலாவது, எழுத்தாளன் ஆவது. இரண்டையும் அவளிடம் சொல்வதற்கு முன்னால் ஒரே மாதிரிதான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மாநாடு என்றதும் மேடை, மாலை, பொன்னாடை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பெரிய கூடம். ஜப்பானியக் கார்ட்டூனான அனிமே பார்ப்பவர்கள், கேம் விளையாடுகிறவர்கள், சித்திரக் கதை சேகரிப்பவர்கள் என்று சில ஆயிரம் பேர் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களாக வேடம் போட்டுக்கொண்டு சுற்றுவார்கள். கழிப்பறை வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒரு டிராகன் நிற்கும். தன் வாலை மிதித்துவிட வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும். கூடத்தின் ஓரமாக, சொந்தமாகப் படைத்ததை விற்பவர்களுக்கு ஒரு மேசை வரிசை உண்டு. அதில் ஒன்று என்னுடையது.

நான் சுதந்திர எழுத்தாளன். அதாவது, எந்தப் பதிப்பாளரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எழுதுவது நான், அச்சுக்குக் கொடுப்பது நான், பெட்டி தூக்குவதும் நான். ‘ஏழு வாள்களின் நிழல்வேந்தன்’ இதுவரை ஐந்து பாகம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் துணிமணிக்கு ஒரு அலமாரி, நிழல்வேந்தனுக்கு மூன்று. ஊரில் பாகப்பிரிவினைக்குப் பிறகுதான் வீடு சுருங்கும், நம் வீடு பாகம் சேரச் சேரச் சுருங்குகிறது என்பாள் மனைவி.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவள் என்பதால் என் கையெழுத்துப் பிரதிக்குப் பிழை திருத்துவதும் அவள்தான். முதல் பாகத்திலேயே மருந்துக்காரி என்று ஒரு பாத்திரம் உண்டு. நிழல்வேந்தன் ஒவ்வொரு போரிலும் அடிபட்டு அவள் கடைக்கு வருவான். அவள் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, ஏழு வாள் வாங்கத் தெரிந்தவனுக்கு ஒரு கேடயம் வாங்கத் தோன்றவில்லையா என்று கேட்பாள். யாரைப் பார்த்து எழுதினேன் என்று நான் சொன்னதில்லை. மனைவியும் கேட்டதில்லை. அந்த இடம் வரும்போது மட்டும் அவள் சிவப்புப் பேனா கொஞ்ச நேரம் நகராமல் நிற்கும்.

மூன்றாம் பாகம் எழுதும்போது எங்களுக்குள் ஒரு சண்டை. முதல் நூறு பக்கத்தைப் படித்துவிட்டு, எங்கள் கடையில் இருக்கும் தூக்க மாத்திரை இதைவிட மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றாள்.  ஆண்மகனாக எழுந்து போய், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மருந்துக்காரியைக் கொன்றேன். பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தாள். வெள்ளம் என்பதால் உடல் கிடைக்கவில்லை.

அந்த அத்தியாயத்தையும் அவள்தான் திருத்திக் கொடுத்தாள். அவசரத்தில் நான் ‘பாலம்’ என்பதைப் ‘பலம்’ என்று எழுதியிருந்தேன். துணைக்காலைச் சேர்த்துவிட்டு, கால் இல்லாத பாலம் இடியாமல் என்ன செய்யும் என்று ஓரத்தில் குறித்திருந்தாள். 

மருந்துக்காரியோடு என் வாசகர்களும் ஆற்றோடு போனார்கள். நான்காம் பாகத்தை மாநாட்டு மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வெளியே போக வழி கேட்டார். ஒருவர் பேனா இரவல் வாங்கினார். மூன்றாவதாக வந்தது, பேனாவைத் திருப்பிக் கொடுக்க வந்த அதே ஆள். வீட்டுக்கு வந்ததும் எழுதிக்கொண்டிருந்த ஐந்தாம் பாகத்தை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடினேன். ஆறு மாதம் திறக்கவில்லை.

அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மருந்துக்காரி எப்படித் தப்பித்தாள் என்று கேட்டு. அவள் புதுக் கடை எந்த ஊரில் என்று கேட்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்துப் பார்த்தால், ரசிகர்கள் தாங்களே கதை எழுதிப் போடும் ஓர் இணையதளத்தில் ‘மூன்றுவேளை’ என்ற புனைபெயரில் யாரோ வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தேன். பாலம் இடிந்தபோது மருந்துக்காரி அதன்மேலேயே இல்லையாம். கடையைப் பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பிப் போயிருந்தாளாம்.

அதற்குமேல் படிக்கக் கோபம் விடவில்லை. நான் கொன்ற ஆளை இன்னொருவர் உயிரோடு வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று மனைவியிடம் கேட்டேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், அந்த ஆளால்தானே நாலு பேர் உங்கள் புத்தகத்தைத் தேடுகிறார்கள், ஒரு நன்றி சொல்லிவிட்டு ஐந்தாம் பாகத்தை முடிக்கிற வழியைப் பாருங்கள் என்றாள். ஐந்தாம் பாகத்தை முடித்தேன். அச்சடித்த அத்தனையும் விற்றுப்போய்விட்டது. நன்றி மட்டும் சொல்லவில்லை. மூன்று வேளையும் என் சோற்றில் கை வைக்கிற ஆள் என்றுதான் அந்தப் புனைபெயருக்கு நான் பொருள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருட மாநாட்டு அறிவிப்பில் அந்தப் பெயரைப் பார்த்தேன். ரசிகர் எழுத்துப் பகுதி, மேசை முப்பத்தொன்று, மூன்றுவேளை. ஆசாமி நேரில் வருகிறார். நேராகப் போய், எல்லார் முன்னிலையிலும் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன். நாலையும் மனப்பாடம் செய்தேன். மனைவி பக்கத்தில் இருந்தால் இரண்டாவது கேள்விக்குள் அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிடுவாள். அதனால்தான் அந்தத் தீர்மானம்.

இந்தத் தடவை மேசைக்கு ஒரே ஒரு அனுமதிச் சீட்டுதான் என்று அவளிடம் ஒரு பொய்யைச் சொன்னேன்.

"சரி, நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"உனக்கு வருத்தம் இல்லையே?"

"எனக்கென்ன வருத்தம். அன்னைக்கு எனக்கும் கொஞ்சம் வேலை இருக்கு."

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சுவார்த்தையும் இவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை. புத்தியுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். நான் சந்தோஷப்பட்டேன்.

ஐந்து பாகத்தின் பின்னட்டையிலும் என் முகம் இருக்கிறது. மூன்றுவேளை என்னைத் தூரத்திலேயே பார்த்து நழுவிவிடக் கூடாது. அதனால் நிழல்வேந்தனாகவே வேடம் போட்டுக்கொள்வது என்று திட்டம். மனைவி கடைக்குப் போயிருக்கும் நேரங்களில், புத்தகம் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டிக் கவசம் செய்தேன். முகமூடி செய்தேன். நுரைப் பஞ்சில் ஏழு வாள் செய்தேன். தோள்பட்டையை மட்டும் எப்படி ஒட்டினாலும் நிற்கவில்லை. ஓர் ஊக்கைக் குத்தி நிறுத்தினேன்.

மாநாட்டு வாசலில் ஆயுதம் சோதிக்கும் பெண் ஏழு வாளையும் வளைத்துப் பார்த்து ஒவ்வொன்றிலும் பச்சை நாடா கட்டினாள். ஏழாவதைக் கட்டும்போது இது யாருடைய வேடம் என்று கேட்டாள். நிழல்வேந்தன் என்றேன். நீங்களே யோசித்ததா, நன்றாக இருக்கிறது என்றாள்.

என் மேசையைப் பக்கத்து மேசைக்காரம்மாவிடம் ஒப்படைத்தேன். விளையாட்டுப் பகடைகள் விற்பவர், நல்ல மனுஷி. நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். ஒரு திருடனைப் பிடிக்க என்றேன். ஏழு வாளையும் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

மேசை முப்பத்தொன்றை நெருங்க முடியவில்லை. நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். கேள்வி கேட்க வந்தவனும் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று ஒரு தொண்டர் சொல்லிவிட்டார். நின்றேன். கால் மணி நேரத்தில் வியர்வையில் ஊறி, அட்டைக் கவசம் நிஜமாகவே அட்டையாகி முதுகில் ஒட்டிக்கொண்டது.

எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பைச் சுற்றிச் சின்னச் சின்னச் சீசாக்கள், தோளில் கட்டுத்துணி, காதில் செருகிய கரண்டி. என் மருந்துக்காரி. யாரோ ஒரு கல்லூரிப் பெண், யாரும் சொல்லாமல், தன் கையால் தைத்து அவளாக வந்திருந்தாள். பன்னிரண்டு வருடம் எழுதியதில், என் தலைக்குள் இருந்த ஒரு ஆள் எனக்கு எதிரே மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. முகமூடிக்குள் துடைத்துக்கொள்ள வழியில்லை.

அவளுக்கு என் வேடத்தைப் பார்த்து ஏகப்பட்ட சந்தோஷம். தானாகவே பேசினாள். மூன்றுவேளையின் கதையைத்தான் முதலில் படித்தாளாம். கொஞ்சம் தள்ளிப் போனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும், இந்த உலகத்தைப் படைத்தவர் இன்னார், அவர் புத்தகங்களை வாங்கிப் படித்தால்தான் இந்தக் கதை முழுசாகப் புரியும் என்று ஒரு குறிப்பு இருக்குமாம். அதைப் பார்த்து ஐந்து பாகத்தையும் வாங்கினாளாம். அவளுக்கு முன்னால் நின்றவரும் அப்படித்தானாம். எட்டிப் பார்த்தேன். வரிசையில் பாதிப் பேர் கையில் என் புத்தகம் இருந்தது. மனப்பாடம் செய்த நாலு கேள்வியில் இரண்டு அங்கேயே மறந்து போயின.

அந்த எழுத்தாளர் எப்படி எழுதுகிறார் என்று மெதுவாகக் கேட்டேன்.

"நல்லாதான் எழுதுறார்" என்றாள். "ஆனா அவளைக் கொன்னப்போ வீட்டுல யார்மேலயோ கோவமா இருந்திருப்பார் போல."

மூன்றாவது கேள்வியும் போயிற்று. வரிசை நகர நகர எனக்குள் என்னவோ இறங்கிக்கொண்டே வந்தது. நான் பெட்டிக்குள் போட்டு மூடியதை, முன்பின் தெரியாத ஓர் ஆள் வாரம் தவறாமல் திறந்து, தூசி தட்டி, இன்னார் எழுதியது என்று பெயரும் போட்டு நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறார். அவரையா திருடன் என்றேன்? என் முறை வந்தபோது கையில் கேள்வியே இல்லை. நன்றி ஐயா என்று சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கவசத்தோடு விழுந்தால் எழுந்திருக்க முடியாதே என்று மட்டும் ஒரு கவலை.

மேசைக்குப் பின்னால் ஒரு தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. அந்த வகிட்டை எனக்குத் தெரியும். அந்த மூக்குக்கண்ணாடியை நேற்றுதான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று வேளை. மருந்துக் கவரின் மேல் அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதுகிற வார்த்தை. நான் சோறு என்றல்லவா நினைத்தேன்.

"யார் பேருக்குப் போடணும்?" என்றாள், நிமிராமல்.

குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "நிழல்வேந்தன்" என்றேன்.

கண்ணை மட்டும் ஒரு தடவை உயர்த்திவிட்டு எழுதி, தாளை என் பக்கம் திருப்பினாள். ‘நிழல்வேந்தனுக்கு அன்புடன். வலது தோள் கழன்று தொங்குகிறது. திரும்பி நில்லுங்கள்.’ கையில் ஓர் ஊக்கு தயாராக இருந்தது.

முகமூடியைக் கழற்றினேன். வரிசையில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். மருந்துக்காரி வேடப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து எழுதறே?" என்றேன்.

"நீங்க என்னைக் கொன்ன மறுநாள்லேர்ந்து."

"அது நீ இல்லம்மா, அது ஒரு பாத்திரம்."

"ஆத்துல தள்ளிவிட்டுட்டு, எழுத்துப்பிழை பாத்துக் குடுன்னும் என்கிட்டயே குடுத்தீங்க" என்றாள், ஊக்கைக் குத்திக்கொண்டே. "பாத்துக் குடுத்தேன். அப்புறம் கடைக்குப் போற பஸ்ஸுல உக்காந்து யோசிச்சேன், இவ எதுக்குச் சாகணும்னு."

முதலில் கோபத்தில்தான் எழுதினாளாம். அதற்கப்புறம் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் திட்டுவதற்கு ஆள் இருந்தது, திட்டுவதற்கு விஷயம் இல்லாமல் போய்விட்டது, அது அவளுக்குப் பிடிக்கவில்லையாம். அதனால்தான் கடைசியில் அந்தக் குறிப்பைச் சேர்க்க ஆரம்பித்தாளாம். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தால் பிழை திருத்தித் தருகிறேன் என்று வந்து உட்கார்ந்திருப்பீர்கள் என்றாள்.

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றி என்று வாய்விட்டுச் சொன்னேன். பதினாறு வருடத்தில் அதையும் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் அழுக்கு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் மனசு எனக்கு மிகப் பெரிதாகிவிட்டது. ஆறாம் பாகத்தில் மருந்துக்காரியை நானே உயிரோடு கொண்டுவந்துவிடுகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன். கைதட்டல் எழுந்தது. தோள்கள் நிமிர, ஏழு வாளும் குலுங்க, நான் கோபத்தில் படிக்காமல் விட்ட அத்தியாயங்களைப் பற்றிக் கேட்டேன். நம்ம நிழல்வேந்தன் இப்போது எந்த ராஜ்யத்தில் இருக்கிறான், எதிரிகளை எல்லாம் வென்றுவிட்டானா?

மனைவி எழுதுவதற்காகக் குனிந்துகொண்டாள். வேடப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அவர் மருந்துக்காரி கடையில சீசா கழுவுறார் சார். முதல் தடவை சரியா கழுவலன்னு, இப்ப ரெண்டாவது தடவை."