பக்கத்து வீட்டுச் சம்பல்

"இன்னைக்கும் வந்துருச்சா?" என்றாள் சுவர்ணா.

வந்திருந்தது. பக்கத்து வீட்டுத் துஷானி வழக்கம்போல வேலிக்கு மேலால் வல்லாரைச் சம்பலை நீட்டிவிட்டுப் போயிருந்தாள். சாந்தகுமார் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"என்னா ருசி! கல்யாணம் கட்டின புதுசு ஞாபகம் வருது."

சுவர்ணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுகஸ்தோட்டையில் பாதிப் பேர் அவளிடம்தான் தைக்கக் கொடுக்கிறார்கள். தையல் மெசினை விட்டு எழும்ப நேரமில்லை. அவள் அவசரமாக ஆக்கிவைக்கும் பருப்பைப் பற்றி இந்த மனுசன் ஒரு நாளாவது வாய் திறந்ததுண்டா?

மறுநாளே வேலியோரம் போனாள்.

"இதய ஒப்பரேசன் செஞ்ச ஆளும்மா. ரத்தம் கட்டாம இருக்கக் குளிசை போடுறாரு. கீரை ஆகவே ஆகாதாம்."

துஷானியின் முகம் சுருங்கிப் போனது. சுவர்ணாவுக்கு அன்றைக்கு நல்ல தூக்கம்.

ஒரு வாரம் போகவில்லை, பல் துலக்கும்போது சாந்தகுமாருக்கு ஈறில் ரத்தம். புது பிரஷ் வாங்கிக் கொடுத்தாள். அடுத்து, கையில் நீலமாக ஒரு தடம்.

"யாரு கிள்ளினது?"

"யாரும் கிள்ளலடி! தானா வந்துச்சு."

"தானா வருமாம்ல!"

தைலம் போட்டு, கோபத்தையும் சேர்த்து அழுத்தித் தேய்த்தாள். தடம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. மறுநாள் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் நிற்கவேயில்லை. கண்டிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில், "மாதாவே, இந்த மனுசன மட்டும் எனக்கு விட்டுரு" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்திவிட்டு டொக்டரம்மா கேட்டார்:

"ரத்தம் இவ்வளவு நீர்த்திருக்கே. சாப்பாட்டுல என்ன மாத்துனீங்க?"

"கீரைய நிப்பாட்டினேன்..."

"அவரு தினமும் சாப்பிட்ட கீரைக்கு ஏத்த மாதிரித்தானே குளிசை அளவு குடுத்திருக்கு! திடீர்னு கூட்டவும் கூடாது, நிப்பாட்டவும் கூடாது. பழையபடி அதே அளவு குடுங்க. நாங்க சோதிச்சுப் பாத்துக்கிறோம்."

அதே அளவா? அது அந்தத் துஷானிக்கல்லவா தெரியும்! ரோசம் ஒரு பக்கம் இழுத்தது, புருசன் மறுபக்கம் இழுத்தார். கடைசியில் சுவர்ணா வேலியோரம் போய் நின்றாள்.

"அந்தச் சம்பலுக்குக் கீரை எவ்வளவு போடுவ? எப்படிச் செய்றதுன்னு கொஞ்சம் சொல்லித் தாயேன்."

துஷானி கண்ணை அகல விரித்தாள்.

"என்னக்கா இது? நான் கல்யாணமாகி வந்த புதுசுல நீங்கதானே கையப் பிடிச்சுச் சொல்லித் தந்தீங்க! 'எங்க சுவர்ணா கை ருசி அப்படியே இருக்கு'ன்னுதான் அண்ணன் கேட்டு வாங்குறாரு. நாளையில இருந்து நீங்களும் கொஞ்சம் வல்லாரை சாப்பிடுங்க!"