இரண்டு டி.வி. உள்ள ஏழை வீடு

பணக்காரராக நடிப்பது சுலபம். ஓர் இரவல் பட்டுச் சேலை போதும். ஏழையாக நடிப்பதற்குத்தான் பாடுபட வேண்டும். அதிலும், ஏற்கெனவே ஏழையாக இருப்பவர்கள் ஏழையாக நடிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. அப்பா திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அரசாங்க உதவித்தொகை வந்தால் நான் கோயம்புத்தூர் பஸ் ஏறலாம். வராவிட்டால் அதே கடையில் சேலை மடிக்கலாம்.

உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது (முதலாளி மேசை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுப்பதுதான் சம்பளம்). அதனால் வருவாய் ஆய்வாளர் நேரில் விசாரிக்க வருவார் என்று தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

விதியை வாசிக்காமலே அதற்கு விளக்கவுரை எழுதும் திறமை அன்றைக்கு எனக்கு இருந்தது. வீட்டில் டி.வி. இருந்தால் உதவித்தொகை கிடையாது என்று நானே முடிவு செய்தேன். டேபிள் ஃபேனும் மிக்ஸியும் இருந்தால் கேட்கவே வேண்டாம், ஜெயில்தான்.

எதிர்வீட்டுப் பிச்சம்மாள் அத்தையின் மகன் சங்கரன் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்திருந்தான். அவனும் அதே உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்தான். எங்கள் வீட்டில் புதன்கிழமை விசாரணை, அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை. என் மூளை உடனே வேலை செய்தது. புதன்கிழமை எங்கள் சாமான்கள் அவர்கள் வீட்டுக்குப் போகும். வெள்ளிக்கிழமை அவர்கள் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வரும்.

"இதெல்லாம் நல்லதுக்காடி?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத."

அப்பா கடைக்குக் கிளம்பியதும் சங்கரனும் நானும் டி.வி.யைத் தூக்கினோம். "பைய, பைய" என்று அத்தை வாசலில் நின்று வழிகாட்டினாள். மிக்ஸி, ஃபேன், குக்கர் எல்லாம் தெருவைக் கடந்தன. எனக்கு உற்சாகம் தாங்காமல் அம்மா புதிதாக வாங்கிய பாயையும் கொடுத்துவிட்டு, கிழிந்த பாயை விரித்து வைத்தேன்.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். கிழிந்த பாயில் கிழிசல் இல்லாத இடமாகத் தேடி உட்கார்ந்தார். அப்பாவின் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு ஜன்னல் வழியாகத் தொங்கிய ஒயரைப் பார்த்தார்.

"மாடில ஆண்டெனா நிக்குதே, எதுக்கு?"

அதை நான் மறந்தே போயிருந்தேன். "அது... காக்கா உக்காரதுக்கு சார்."

அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். ஆய்வாளர் தாளை மடித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தபோது அவர் கேட்டார்: "சங்கரன்னு ஒரு பையன் வீடு இங்கனதான? ஒரே தெருவா இருக்கு, அதையும் பாத்துட்டுப் போயிருதேன்."

நான் ஏதாவது சொல்வதற்குள் அவர் தெருவைக் கடந்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன்.

அங்கே இரண்டு டி.வி.க்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. இரண்டு மிக்ஸி, இரண்டு ஃபேன், இரண்டு குக்கர். சங்கரனின் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர்.

"ரெண்டு டி.வி.யாம்மா?" என்றார் ஆய்வாளர்.

அத்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம். "துபாய்ல இருந்து என் தம்பி அனுப்பினான் சார்" என்றாள். (அத்தைக்குத் தம்பியே கிடையாது.)

"அப்போ வெளிநாட்டுப் பணம் வருதோ?" அவர் பேனாவைத் திறந்தார். சங்கரன் முகம் வெளிறியது. அவன் படிப்பை நானே கெடுத்துவிட்டேன். வாயைத் திறந்தால் என் படிப்பு போகும். திறக்காவிட்டால் அவன் படிப்பு போகும்.

அந்த நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. ஆய்வாளர் வருகிறார் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "அய்யோ, வீடு களவு போயிட்டே, எல்லாத்தையும் தொடச்சிட்டுப் போயிட்டானுவளே" என்று, அம்மா அடுக்களையிலிருந்து வருவதற்குள் தெருவில் நின்று கத்தினார். கூட்டம் கூடியது. அப்பா அத்தை வீட்டுக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம டி.வி.யில்லா? பிச்சம்மா, நீயா இப்படிப் பண்ணுன?"

அத்தையின் கண்ணில் நீர் முட்டியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தெருவே கேட்க, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, என்ஜினீயருக்குப் படிக்கப் போற. விதியை ஒருதரமாவது வாசிச்சியா? அப்பா சம்பாத்தியத்தத்தான் கேக்குது. அதைக் காலைலயே கடைல விசாரிச்சிட்டேன். டி.வி. இருந்தா குடுக்கமாட்டோம்னு எங்கன போட்டிருக்கு?" பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "உங்க ரெண்டு வீட்டு வருமானத்தையும் சேத்தாக்கூட வரம்பத் தாண்டாது."

ஜெயிலுக்கு அனுப்பியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இருவருக்கும் உதவித்தொகை கிடைத்தது. அப்பா எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அத்தை தீபாவளி வரை அவரோடு பேசவில்லை.

அப்பா இதிலிருந்து வேறொரு பாடம் கற்றுக்கொண்டார். ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்து, டி.வி., ஃபேன், மிக்ஸி எல்லாவற்றிலும் 'சு. ஆறுமுகம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். வீட்டுக்கு எது வந்தாலும் முதலில் அவர் பெயர் ஏறும். என் கல்யாணத்துக்கு வாங்கிய கிரைண்டர், பீரோ, கட்டில் எதுவும் தப்பவில்லை. சம்பந்தி வீட்டார் அதையெல்லாம் வேனில் ஏற்றும்போது வாசித்துக்கொண்டே ஏற்றினார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து, பீரோவைப் பார்த்து "யாரு இந்த ஆறுமுகம்?" என்று கேட்டால் என் கணவர்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார்.

"என் மாமனாரு. தாலி கட்டுத வரைக்கும் சுவத்தோட சாஞ்சே நின்னேன். முதுகக் காட்டியிருந்தா எழுதியிருப்பாரு."