பெட்டியா, பையா?

ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார் கிடங்குக்காரர்.

"ஆரஞ்சு" என்றார், தலையை வெளியே எடுத்து.

"என்னண்ணே?" என்றாள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த கேஷியர் பெண்.

"ஆரஞ்சுப் பழம்மா. உள்ளேயே வெச்சு உரிச்சிருக்காங்க. 'பயன்படுத்தவே இல்லை'ன்னு திருப்பிக் கொடுத்தாங்களா? நல்லா ஊர் சுத்திட்டு வந்திருக்கு இது."

கடையில் எல்லோரும் அவரை 'மோப்பம்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை, பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார். பிரயாணச் சாமான்கள் விற்கும் அந்தக் கடையின் பின்கட்டில் அவருக்கு ஒரு மேஜை. திரும்பி வரும் சரக்கெல்லாம் அந்த மேஜைக்குத்தான் வரும். 'பிடிக்கவில்லையா? பயன்படுத்தாமல், விலைச்சீட்டுக் கிழியாமல் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம்' என்று வாசலில் பெரிய பலகை தொங்கியது. எதிர்க்கடைக்காரன் முதலில் மாட்டினான் என்பதற்காக, அதைவிடப் பெரிதாக முதலாளி மாட்டிய பலகை.

"யாரு கொடுத்தா?"

"அந்த ஜோடிதாண்ணே. கண்ணாடி போட்டவரும் அவர் சம்சாரமும். பெட்டி கனமா இருக்காம். அதுக்குப் பதிலா ஐஸ் பை எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"இந்தப் பெட்டிக்கு முந்தி பைதானே எடுத்தாங்க?"

"அது நசுங்குதுன்னு கொடுத்துட்டாங்க."

"அதுக்கு முந்தி?"

கேஷியர் யோசித்தாள். "அதுக்கு முந்தி... பெட்டி. மூடி இறுக்கமா இருக்குன்னாங்க."

மோப்பம் சுவரில் இருந்த கேமராத் திரையைப் பார்த்தார். அந்த ஜோடி படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் போகலாம் போல அத்தனை சாதுவான முகங்கள். அதுதான் அவருக்கு இன்னும் உறுத்தியது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு கற்கள் விழுந்தன. தண்ணீரில் தத்தித் தத்திப் போகும்படி எறிவார்களே, அந்த மாதிரித் தட்டைக் கற்கள்.

"ஏரிக்கரை!" என்றார் மோப்பம். "இவங்க பெட்டியா பையான்னு முடிவு பண்ண முடியாம அலையல. நம்ம சரக்குல வாராவாரம் ஜாலியா போயிட்டு வர்றாங்க!"

மாடியில் கண்ணாடி அறையில் இருந்த முதலாளி, கற்களை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அந்த அறையைவிட்டு அவர் கீழே இறங்குவதே அபூர்வம்.

"என் கடையில கை வைக்கிறாங்களா? மனசாட்சியே கிடையாதாய்யா இந்த ஜனங்களுக்கு! நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"மோந்து பாத்துட்டிருந்தேன் முதலாளி."

"மோந்தா போதுமா? நிறுத்துற வழியப் பாரு!"

மோப்பம் அன்றைக்கே வழி பார்த்தார். எல்லா ஐஸ் பெட்டிகளின் மூடியிலும், எல்லாப் பைகளின் ஜிப்பிலும் குறுக்காக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். 'இதைப் பிரித்தால் திரும்பப் பெற மாட்டோம்.'

மறுநாள் முதலில் வந்த அம்மாள், உள்ளே எத்தனை பாட்டில் கொள்ளும் என்று பார்க்க ஸ்டிக்கரைப் பிரித்தார். பார்த்தார். வேண்டாம் என்று போய்விட்டார். அடுத்து வந்தவரும் பிரித்தார், பார்த்தார், போய்விட்டார். சாயங்காலத்துக்குள் கடையில் இருந்த அத்தனை பெட்டியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அதற்கப்புறம் வந்தவர்கள், "என்னங்க, எல்லாம் பழைய சரக்கா?" என்று கேட்டுவிட்டு நேரே எதிர்க்கடைக்குப் போனார்கள். மிச்சம் ஒட்டியிருந்த பசையைக் கத்தியால் சுரண்டினார் மோப்பம். மூடிகளில் கீறல் விழுந்ததுதான் கண்ட பலன்.

"ஸ்டிக்கர் சரிப்படாதுண்ணே" என்றாள் கேஷியர்.

"சரிப்படாது. சாயம்!" என்றார் மோப்பம்.

ஒரு பையின் உள்தையலில் நீலச் சாயப்பொடியைக் கண்ணுக்குத் தெரியாமல் தூவினார். காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது. ஐஸ் உருகி ஈரம் பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த ஜோடி வரும்போது இந்தப் பையைத்தான் கொடுக்க வேண்டும் என்று கேஷியரிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

ஜோடி வந்தது. ஆனால் இந்த வாரம் அவர்கள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கேஷியர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், நீலப்பொடிப் பையை வேறொருவர் வாங்கிப் போனார்.

திங்கட்கிழமை அவர் வந்தார். ஒரு நர்ஸ். வெள்ளை உடுப்பில் முன்பக்கம் முழுக்க நீலம். கை நீலம். உதடும் நீலம்.

"தயிர் டப்பா வெச்சேன்" என்றார், வார்த்தை வார்த்தையாக. "நீலமா இருக்கேன்னு ருசி பாத்தேன். வார்டுல என்னையே படுக்க வெச்சுட்டாங்க."

அவரைச் சமாதானப்படுத்த முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்து, இருப்பதிலேயே பெரிய பெட்டியைச் சும்மா கொடுத்து, வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். அவர் மாடியேறிப் போன மறுநிமிஷம், கண்ணாடிக்காரர் போன வாரப் பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று கவுன்டரில் வைத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சின்னதா இருக்குங்க, பெரிய பெட்டியாக் கொடுங்க."

மோப்பத்தை மேலே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார் முதலாளி.

"ஒண்ணு கேக்கறேன். ஆரஞ்சு வாசனை உனக்கு மட்டும்தான் வருது. கல்லு உன் மேஜையில மட்டும்தான் விழுது. கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் முதலாளி."

"அப்ப பெட்டியத் தூக்கிட்டு ஏரிக்கரைக்குப் போறது யாரு?"

ஊரையே சந்தேகப்பட்டுப் பழகியவருக்கு, தன்னை ஒருவர் சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஆதாரத்தோட அவங்களப் பிடிச்சுட்டு வா. இல்லேன்னா அடுத்த திங்கட்கிழமை வந்ததும் சாவிய மேஜை மேல வெச்சுட்டுக் கிளம்பிடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்கு டியூட்டி என்று மோப்பம் சொன்னதும், மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏரிக்கரையில என்னங்க டியூட்டி?"

"ரெண்டு பேரைக் கண்காணிக்கணும்."

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி பொம்பளையா?"

"ஆமா, ஆனா..."

"நானும் வர்றேன்."

அதுவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது. தனி ஆளாகப் புதருக்குப் பின்னால் நின்றால் யாரானாலும் சந்தேகப்படுவார்கள். குடும்பமாகப் போனால் உல்லாசப் பயணம். ஆனால் அதற்கு ஒரு ஐஸ் பெட்டி வேண்டும். கிடங்கைத் திறந்து நின்றபோது அவருக்கே குழப்பமாகிவிட்டது. பெட்டி என்றால் மேலே உட்காரலாம், முட்டை நசுங்காது. ஆனால் நடந்து தூக்கிப் போனால் தோள் கழன்றுவிடும். பை என்றால் இலேசு. ஆனால் எதையாவது சாய்த்து வைத்தால் தீர்ந்தது. கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டார். விலைச்சீட்டு கிழியாமல்.

"காலியாவே இருக்கட்டும்டி, ஒண்ணும் வெக்காத" என்று கெஞ்சினார்.

"காலிப் பெட்டியத் தூக்கிட்டு யாராவது ஏரிக்கரைக்குப் போவாங்களா? பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வராது?"

ரொட்டி, முட்டை, தர்ப்பூசணித் துண்டு, எலுமிச்சை ஜூஸ் என்று இரண்டும் நிரம்பின. மனைவி அலமாரியில் மடித்தே வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டாள். "கல்யாணத்துக்கப்புறம் இப்பத்தான் எங்கேயாவது கூட்டிட்டுப் போறீங்க" என்றாள் பஸ்ஸில். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் நல்ல கூட்டம். மரத்துக்கு மரம் ஒரு குடும்பம். கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கடைப் பெட்டி. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

மோப்பம் புதருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, போனை நீட்டி, ஒரு படம் எடுத்தார். படத்தில் ஏரிதான் விழுந்தது. இன்னும் கொஞ்சம் எட்டினார். பின்னால் அவர் முழங்கால் பட்டுப் பை சாய்ந்தது.

"ஐயோ, ஜூஸு!" என்று கத்தினாள் மனைவி.

அந்தச் சத்தத்தில் கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். எழுந்தார். மனைவியோடு நேரே இவர்களை நோக்கி நடந்து வந்தார். ஓடலாமா என்று மோப்பம் நினைப்பதற்குள் வந்தே விட்டார்கள்.

கண்ணாடிக்காரரின் மனைவி குனிந்து, பையில் தொங்கிய விலைச்சீட்டைப் பார்த்தாள். பெட்டியில் தொங்கிய சீட்டையும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, நீங்களும் நம்ம ஆளுங்கதானா! சீட்டை இப்படி நனைய விடலாமா? குடுங்க." கைப்பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டும் பிளாஸ்டிக் உறையும் எடுத்து, சீட்டை அதில் மடித்து, கைப்பிடிக்கு அடியில் ஒளித்துக் காட்டினாள். "ரெண்டையும் ஒரே வாரத்துல எடுத்துட்டீங்களா! எங்களுக்கு அந்தத் தைரியம் வரல."

மோப்பத்தின் மனைவி மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "அப்ப இது நீங்க எனக்காக வாங்கினது இல்லையா?"

மோப்பம் அவசரமாகக் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "ஏங்க... இது தப்பில்லையா? அந்தக் கடைக்காரர் பாவமில்லையா? அவருக்குத் தெரிஞ்சா மனசு என்ன பாடுபடும்?"

கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"நாங்களும் முதல்ல அப்படித்தான் பயந்தோம்" என்றார் கண்ணாடிக்காரர். "அதோ பாருங்க, அவருதான் தைரியம் சொல்லி இந்த வித்தையையே கத்துக்கொடுத்தாரு."

அவர் விரல் காட்டிய இடத்தில், பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு புத்தம்புது ஐஸ் பெட்டி. அதில் எதிர்க்கடையின் மஞ்சள் விலைச்சீட்டு, உறை போட்டு அழகாக மடித்து வைத்திருந்தது. பாட்டில் எடுக்கத் தொப்பிக்காரர் இந்தப் பக்கம் திரும்பினார்.

மோப்பத்தின் கையிலிருந்து போன் நழுவித் தர்ப்பூசணியில் விழுந்தது. முதலாளி!

கண்ணாடிக்காரரின் மனைவி மோப்பத்தின் காதருகே குனிந்து, இரகசியம் போலச் சொன்னாள்:

"அவருக்குச் சொந்தமாவே கடை இருக்காம்ங்க. ஆனா அந்தக் கடைப் பெட்டியில ஐஸ் நிக்கவே நிக்காதாம், அதான் வாராவாரம் எதிர்க்கடையில எடுத்துக்கறாராம்!"